பாட்டி கண்ட வெள்ளமும் பேத்தி கண்ட வெள்ளமும்



2022 ஜனவரியில் பள்ளி திறந்த வாரம். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் நான்கைந்து பிள்ளைகளின் புத்தகங்கள் வெயிலில் காயவைத்து எடுத்த அப்பளம் போல் இருந்தன. முதல் மாத வெள்ளத்தில் நனைந்தவை. அன்று பாடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, உலகம் சூடாகிறது, அதனால்தான் மழை இப்படிக் கொட்டுகிறது என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், எங்க பாட்டி சொன்னாங்க, 71-லயும் இப்படித்தான் வந்துச்சாம். கழுத்து வரைக்கும் தண்ணியாம். அப்ப உலகம் சூடாகலையே டீச்சர்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. "நல்ல கேள்விமா, நாளைக்குச் சொல்றேன்" என்று சமாளித்தேன். அந்த 'நாளை' வருவதற்குப் பல மாதங்கள் ஆயின. தேடிப் படித்ததை இங்கே வரலாற்று வரிசையில் தருகிறேன். உங்கள் வகுப்பிலும் இதே கேள்வி வரும். வரவேண்டும்.

1. பாட்டிக்கும் முந்திய வெள்ளங்கள்

நம் நாட்டில் வெள்ளம் புதிதல்ல. நவம்பர் முதல் மார்ச் வரை தென் சீனக் கடலிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று ஈரத்தைச் சுமந்து வரும். கிளந்தான், திரங்கானு, பகாங் மாநிலங்களில் ஆண்டுதோறும் ஆறுகள் கரை புரளும். அங்குள்ள மலாய்க்காரர்கள் அதை 'பா' என்பார்கள். தூண்களின் மேல் வீடு கட்டுவதும், வீட்டடியில் படகு வைத்திருப்பதும் அந்த வாழ்க்கையின் பகுதி.

ஆனால் சில வெள்ளங்கள் பெயர் பெற்றுவிட்டன. 1926 டிசம்பரில் வந்ததை கிளந்தான் மக்கள் 'பா ஆயிர் மேரா', அதாவது செந்நீர் வெள்ளம் என்று இன்றும் சொல்கிறார்கள். மலைச் சரிவுகளின் செம்மண் கரைந்து ஆறே சிவந்து ஓடியதாம். அந்த வெள்ளம் கிழக்குக் கரையோடு நிற்கவில்லை. பேராக், சிலாங்கூர் மாநிலங்களும் மூழ்கின. கோலாலம்பூரின் கடைத்தெருக்களில் தண்ணீர் நிற்கும் அக்காலப் புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

சிலாங்கூரில் 1926 வெள்ளம் ஓர் ஊரையே இடம் மாற்றியது. கோல குபுவைத்தான் சொல்கிறேன். அங்கே 1883 அக்டோபரிலேயே ஒரு பழைய அணை உடைந்து, சிசில் ரேங்கிங் என்ற ஆங்கிலேய மாவட்ட அதிகாரியும் ஊர் மக்கள் பலரும் இறந்தனர். அவர் வெள்ளை முதலை ஒன்றைச் சுட்டதால்தான் ஆறு பழி வாங்கியது என்று ஒரு கதை அந்த வட்டாரத்தில் உண்டு. கதை அப்படி இருக்கட்டும். பிற்கால வெள்ளங்களுக்குக் காரணம் முதலை அல்ல, மண். ஈயச் சுரங்கங்களிலிருந்து கழுவிவிட்ட மணலும் சேறும் சிலாங்கூர் ஆற்றில் படிந்துகொண்டே போயின. ஆற்றின் அடித்தளம் உயர உயர, ஊர் தாழ்ந்துபோனது போல் ஆனது. 1926க்குப் பிறகு இனி இங்கே இருக்க முடியாது என்று முடிவு செய்து, மேட்டு நிலத்தில் புதிய ஊரை அமைத்தார்கள். அதுதான் இன்றைய கோல குபு பாரு. 'பாரு' என்றால் புதியது. ஊரின் பெயரே ஒரு வெள்ளத்தின் வரலாற்றைச் சொல்கிறது.

1932இல் நீர்ப்பாசன, வடிகால் துறை தொடங்கப்பட்டது. நெல் சாகுபடிக்கு நீர் கொண்டுவருவதும், வேண்டாத நீரை வெளியேற்றுவதும் அதன் வேலை. கோலாலம்பூரின் நடுவே வளைந்து ஓடிய கிள்ளான் ஆற்றை நேராக்கும் பணிகளும் அந்தக் காலத்தில்தான் நடந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1926இலேயே 'மனிதன் செய்த வெள்ளம்' இருந்தது. அது காற்றில் கலந்த புகையால் வந்ததல்ல. ஆற்றில் கலந்த மண்ணால் வந்தது.

2. 1971: பாட்டியின் வெள்ளம்

1970 டிசம்பர் கடைசியிலிருந்தே மழை விடவில்லை. 1971 ஜனவரி முதல் வாரத்தில் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கரையை மீறின. கோலாலம்பூரில் 32 பேர் இறந்தனர். ஏறக்குறைய 180,000 பேர் பாதிக்கப்பட்டனர். பிரதமர் துன் அப்துல் ரசாக் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்தார்.

மாணவியின் பாட்டி அப்போது ஆற்றோரப் புறம்போக்கு வீட்டில் இருந்தாராம். பிறகு ஒருநாள் பள்ளிக்கு வந்தபோது என்னிடம் அவரே சொன்னார்: "ராத்திரி முழிச்சிப் பாத்தா பாய் மிதக்குது டீச்சர். புள்ளைங்கள மேசை மேல ஏத்திட்டு, நான் அடுப்பு மேட்டுல நின்னேன். விடியும்போது பக்கத்து வூட்டு சீனக் கிழவர் பலகைய கட்டி எங்கள இழுத்துக்கிட்டுப் போனாரு." 1969 கலவரம் முடிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள். வரலாற்றுப் பாடநூலில் இது இருக்காது.

1971 வெள்ளத்துக்குக் காரணம் என்ன? மழை மிகுதி, அது உண்மை. அதோடு நகரம் வேகமாக வளர்ந்திருந்தது. ஆற்றில் மண் மேடிட்டிருந்தது. ஏழைகளுக்கு ஆற்றோரத்தைத் தவிர வேறு இடம் இல்லை. அதே ஆண்டு அரசு நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையத்தை அமைத்தது. கோலாலம்பூருக்கு மேலே 1987இல் பத்து அணை வந்தது. 2007இல் 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள 'ஸ்மார்ட்' சுரங்கம் திறக்கப்பட்டது. கார்கள் ஓடும் அந்தச் சுரங்கத்தைப் பெருமழையின்போது மூடிவிட்டு வெள்ள நீரைத் திருப்பிவிடுவார்கள். பாட்டியின் வெள்ளத்திலிருந்து நாடு பாடம் கற்றது என்பதற்கு இவை சாட்சி.

அப்படியிருந்தும் பேத்தியின் புத்தகம் ஏன் நனைந்தது?

3. இதே காலத்தில் காற்றில் நடந்தது

ஆறுகளின் கதைக்கு இணையாக இன்னொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அது கண்ணுக்குத் தெரியாது.

1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாய் மற்றவற்றைவிட அதிகம் சூடாகி, ஆறுவதற்கும் அதிக நேரம் எடுத்தது. சில ஆண்டுகளில் ஜான் டிண்டல், எந்தெந்த வாயுக்கள் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன என்று துல்லியமாக அளந்தார். 1896இல் சுவீடன் நாட்டு ஸ்வாந்தே அரீனியஸ், நிலக்கரி எரிப்பதால் இந்த வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். 1938இல் கை காலண்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உலகின் பல வானிலை நிலையங்களின் பதிவுகளைத் திரட்டி, பூமி ஏற்கெனவே சூடாகத் தொடங்கிவிட்டது என்றார். பலர் நம்பவில்லை.

1958இல் சார்ல்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கரியமில வாயுவை இடைவிடாமல் அளக்கத் தொடங்கினார். அந்த அளவை இன்றும் தொடர்கிறது. நம் வெள்ளங்களை அந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்கு.
1926, செந்நீர் வெள்ளம்: ஏறத்தாழ 305 பங்கு (பனிப்பாறையில் சிக்கிய காற்றிலிருந்து கண்டது).
1971, பாட்டியின் வெள்ளம்: 326 பங்கு.
2014, கிளந்தான் வெள்ளம்: 399 பங்கு.
2021, பேத்தியின் வெள்ளம்: 416 பங்கு.

1926இலிருந்து 1971 வரை 45 ஆண்டுகளில் கூடியது சுமார் 21 பங்கு. 1971இலிருந்து 2021 வரை 50 ஆண்டுகளில் கூடியது 90 பங்கு. 2021 வாக்கில் உலகச் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முன்பிருந்ததைவிட ஏறத்தாழ 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்திருந்தது. 2024ஆம் ஆண்டு 1.5 டிகிரியையும் தாண்டியதாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

"ஒரு டிகிரிதானே டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஈரத் துணியைக் கொடியில் போட்டுக் காட்டுங்கள். சூடான காற்று துணியிலிருந்து அதிக ஈரத்தை இழுக்கும். கடலிலிருந்தும் அப்படித்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுகிறது. அந்த நீராவி மழையாக இறங்கும் நாளில் முன்பைவிட அதிகம் கொட்டும். அதே சூடான காற்று, மழை இல்லாத நாளில் மண்ணிலிருந்தும் அதிக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வறட்சியும் வெள்ளமும் ஒரே வேரிலிருந்து வருவது இப்படித்தான்.

4. 2014: மஞ்சள் வெள்ளம்

கிளந்தானில் கோல கிராய் என்ற ஊரில் ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு ஒன்று ஆங்கிலேயர் காலத்திலிருந்து இருக்கிறது. 'தங்கா கிராய்' என்பார்கள். எத்தனை படி மூழ்கியது என்று பார்த்துத்தான் கீழே உள்ள ஊர்க்காரர்கள் மூட்டை கட்டுவார்கள். அங்கே அபாய மட்டம் 25 மீட்டர். 1967 ஜனவரியில் வந்த பெருவெள்ளத்தில் நீர் 33 மீட்டரைத் தாண்டியது. 2014 டிசம்பர் இறுதியில் 34 மீட்டரைத் தாண்டி அந்தப் பழைய அளவையும் மிஞ்சியது.

அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 200,000க்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். மானேக் உராய் போன்ற இடங்களில் வீடுகள் தூணோடு பெயர்ந்து போயின. கெமுபுவில் ஆற்றின் மேல் இருந்த இரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. கிழக்குக் கரை இரயில் சேவை பழைய நிலைக்குத் திரும்பச் சில ஆண்டுகள் பிடித்தன. இம்முறை நீரின் நிறத்தைப் பார்த்து மக்கள் வைத்த பெயர் 'பா கூனிங்', மஞ்சள் வெள்ளம். மேற்புறக் காடுகள் வெட்டப்பட்டதே இத்தனை சேற்றுக்கும் காரணம் என்று அவ்வட்டார மக்களும் ஆய்வாளர் பலரும் சுட்டிக்காட்டினார்கள்.

1926இல் ஈயச் சுரங்க மண், 2014இல் காடழிந்த மலையின் மண். இடையே 88 ஆண்டுகள். மண்ணைப் பற்றிய பாடத்தை மட்டும் நாம் இன்னும் படித்து முடிக்கவில்லை.

5. 2021: பேத்தியின் வெள்ளம்

மேற்குக் கரையில் வாழும் நம்மை வடகிழக்குப் பருவமழையிலிருந்து காப்பது தீத்திவங்சா மலைத்தொடர். காற்று கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பகுதியை அது கிழக்கிலேயே இறக்கிவிடும். அதனால்தான் "டிசம்பர் வெள்ளமா? அது கிளந்தான்காரங்க பாடு" என்று சிலாங்கூரில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

2021 டிசம்பர் 16, 17 தேதிகளில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் கிழக்குக் கரையில் ஏறி, தீபகற்பத்தின் குறுக்கே மேற்கு நோக்கி நகர்ந்தது. மலை தடுக்கவில்லை. டிசம்பர் 18 சனிக்கிழமை கிள்ளான் பள்ளத்தாக்கில் விடாமல் கொட்டியது. ஒரு மாதத்துக்கு உரிய மழைக்கும் மேலாக ஒரே நாளில் பெய்தது என்றும், இது நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடப்பது என்றும் அதிகாரிகள் அறிவித்தார்கள். சுரங்கம் பெருமளவு நீரைத் திருப்பியது. ஆனால் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஷா ஆலாமின் தாமான் ஶ்ரீ மூடா தட்டு போல் தாழ்ந்து கிடக்கிறது. ஆற்று நீர் நிறைந்தும் கடல் ஏற்றம் உயர்ந்தும் இருக்கும்போது அங்கிருந்து நீர் வடிய வழியில்லை. மக்கள் மேல்மாடியிலும் கூரையிலும் இரவுகளைக் கழித்தார்கள். பலரை முதலில் மீட்டது சொந்தப் படகோடு வந்த தன்னார்வலர்கள்தான். கோயில், பள்ளிவாசல், குருத்துவாரா எல்லா இடத்திலும் அடுப்பு எரிந்தது.

அந்தப் பருவத்து வெள்ளங்களில் நாட்டில் 54 பேர் இறந்ததாகக் கணக்கு. இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது.

ஷா ஆலாம் என்ற நகரம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். ரப்பர் மரமும் செம்பனையும் நின்ற மண். நம் முன்னோர் பலர் அப்படிப்பட்ட தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வெளியே வந்து, கையிலிருந்த பணத்துக்கு எங்கே வீடு கிடைத்ததோ அங்கே வாங்கினார்கள். விலை மலிவான வீடு பெரும்பாலும் பள்ளத்தில்தான் இருக்கும். மரம் நின்ற நிலத்தில் மழை ஊறும். தார் போட்ட நிலத்தில் ஓடும். ஓடி லோங்காங்கில் விழும். லோங்காங் நிறைந்தால் வீட்டுக்குள் வரும்.

6. அப்படியானால் காரணம் எது?

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். 71இலும் வந்ததே, பின் எதற்கு 'உலகம் சூடாகிறது' என்ற பேச்சு?

ஒரு வெள்ளத்தைச் சுட்டிக்காட்டி "இது வெப்பமயமாதலால் வந்தது" என்று ஆசிரியர் சொல்வது தவறு. அன்று நான் செய்த தவறு அதுதான். சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் பெய்த மழையின் உச்சமான 512.4 மில்லிமீட்டர் பதிவானது 1978 டிசம்பரில். பூமி இவ்வளவு சூடாகாத காலம் அது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது நினைவிருக்கும். நம்மில் பலர் அங்குள்ள உறவினர்களைத் தொலைபேசியில் பிடிக்க முடியாமல் தவித்தோம். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அந்த மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிவியலாளர் குழு, அதில் வெப்பமயமாதலின் தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்றே எழுதியது. கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதினார்களே, அதனால்தான் அவர்கள் 'கிடைத்தது' என்று சொல்லும்போது நாம் நம்பலாம்.

கிடைத்தது என்று சொன்னவையும் உண்டு. 2003இல் ஐரோப்பாவைக் கொன்றெடுத்த வெப்ப அலையை ஆராய்ந்து 2004இல் வெளிவந்த கட்டுரை, மனிதச் செயல்கள் அத்தகைய வெப்பத்தின் வாய்ப்பைக் குறைந்தது இரு மடங்காக்கின என்று காட்டியது. இந்தத் துறை அங்கிருந்துதான் வளர்ந்தது. வெப்பத்தில் தடயம் பளிச்சென்று தெரியும். மழையில் அவ்வளவு எளிதல்ல. மழைக்குக் காற்று, மலை, கடல் என்று பல கைகள் உண்டு.

ஆனால் ஒரு வெள்ளத்தை விட்டுவிட்டு, உலகம் முழுவதையும் பல பத்தாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் படம் தெளிகிறது. பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, முன்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை பெய்த கனமழை இப்போது 1.3 மடங்கு அடிக்கடி பெய்கிறது. பூமி 2 டிகிரி சூடானால் 1.7 மடங்கு. பத்து ஆண்டுக்கு ஒருமுறை வந்த கடும் வெப்பமோ இப்போதே 2.8 மடங்கு. 2 டிகிரியில் 5.6 மடங்கு.

வெப்பத்தின் கதை நமக்கும் தெரியும். பெர்லிஸ் மாநிலத்தின் சூப்பிங்கில் 1998 ஏப்ரல் 9 அன்று 40.1 டிகிரி பதிவானது. நாட்டின் உச்ச அளவு அது. எல் நினோ ஆண்டு. 2016 ஏப்ரலில் மறுபடி எல் நினோ. பெர்லிஸ், கெடா மாநிலங்களில் வெப்பத்துக்காகப் பள்ளிகளையே மூடினார்கள். மழைக்கு மூடிய பள்ளிகளைப் பாட்டி பார்த்திருக்கிறார். வெயிலுக்கு மூடிய பள்ளியைப் பார்த்ததில்லை.

எனவே பதில் இப்படி வரும். மழை எப்போதும் இருந்தது. வெள்ளம் எப்போதும் வந்தது. ஆற்றில் மண்ணைக் கொட்டியும், காட்டை வெட்டியும், பள்ளத்தில் வீடு கட்டியும் அதை நாமே பெரிதாக்கினோம். இப்போது அதற்கு மேல் வெப்பம் வேறு சேர்ந்து, பகடையின் ஒரு பக்கத்துக்குக் கனம் ஏற்றுகிறது. எந்த உருட்டலில் விழுந்த ஆறு அந்தக் கனத்தால் விழுந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஆறு முன்பைவிட அடிக்கடி விழும்.

இதில் இரண்டு பக்கமும் ஒரு வசதியான சாக்கு இருக்கிறது. "அந்தக் காலத்திலயும் வந்துச்சு" என்று சொல்லி வெப்பத்தை மறந்துவிடலாம். "எல்லாம் உலக வெப்பமயமாதல்" என்று சொல்லி, அடைத்துக் கிடக்கும் வடிகாலையும், ஒப்புதல் பெற்று வெட்டப்படும் மலையையும் மறந்துவிடலாம். இரண்டையும் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடக் கூடாது.

7. வகுப்பில் செய்து பார்க்க

முதலாவது, 'நூறு ஆண்டு வெள்ளம்' கணக்கு. பலர் இதை "ஒருமுறை வந்துவிட்டது, இனி நூறு ஆண்டுக்குக் கவலையில்லை" என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2021க்குப் பிறகு தாமானில் வீட்டை விற்காமல் இருந்த ஒரு தந்தை என்னிடம் இதையே சொன்னார். அதன் உண்மைப் பொருள், ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான். ஒரு பையில் 99 வெள்ளைக் கோலியும் ஒரு சிவப்புக் கோலியும் போடுங்கள். எடுத்த கோலியை மறுபடி பையில் போட்டு 30 முறை எடுக்கச் சொல்லுங்கள். 30 ஆண்டு என்பது ஒரு வீட்டுக் கடனின் காலம். அதற்குள் குறைந்தது ஒருமுறை சிவப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. நான்கு வீட்டில் ஒன்று. இரண்டு சிவப்பு போட்டால், அதாவது அது ஐம்பது ஆண்டு வெள்ளமாக மாறினால், 45 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டு வீட்டில் ஒன்று. ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கோலியை வைத்தே இதைப் புரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது, வாய்மொழி வரலாறு. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வரச் சொல்லுங்கள்: நீங்கள் பார்த்த பெரிய வெள்ளம் எந்த ஆண்டு? தண்ணீர் எதுவரை வந்தது? யார் உங்களைக் காப்பாற்றினார்கள்? பதிலை அவர்கள் பேசிய மொழியிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். பிறகு ஆண்டைப் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். பாட்டிமார்கள் ஆண்டைத் தவறாகச் சொல்லலாம். தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்பதைப் பெரும்பாலும் மறப்பதில்லை.

மூன்றாவது, பள்ளி வட்டார வரைபடம். ஆறு எங்கே, மேடு எங்கே, பள்ளம் எங்கே, முன்பு தோட்டமாக இருந்தது எது என்று குறிக்கச் சொல்லுங்கள். வெள்ளம் வந்தால் எந்த வழியாக, எந்த நிவாரண மையத்துக்குப் போவது என்பதையும் சேர்த்துக் குறிக்கட்டும். இது மதிப்பெண்ணுக்கு அல்ல.

அந்த மாணவி இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். ஆறாம் ஆண்டு முடிந்து போவதற்கு முன் அவளை அழைத்து, மேலே எழுதியதைச் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "அப்ப எங்க வூட்டுக்கு மறுபடியும் வருமா டீச்சர்?" என்றாள்.

"வரலாம்மா. எப்பன்னு யாராலயும் சொல்ல முடியாது" என்றேன்.

"அப்பா புத்தக அலமாரிய மேல் மாடிக்கு மாத்திட்டாரு டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.